ஓரகத்தி வீட்டு நீல நெருப்பு

ஞானோபதேச வகுப்பில் ஏழு தலையான பாவங்களை ராகம் போட்டு ஒப்பிப்போம். அகங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம் என்று வந்து, கடைசிக்கு முன்னால் காய்மகாரம். கோபம் எனக்குத் தெரியும், அம்மாவிடம் நிறைய இருந்தது. போசனப்பிரியம் என்னிடமே இருந்தது. மோகம் என்றால் என்னவென்று கேட்டவளுக்குத் தலையில் குட்டு விழுந்ததால் அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. காய்மகாரம் என்றால் பிறத்தியார் நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிவது என்று கன்னியாஸ்திரி சொல்லித்தான் தந்தார். ஆனாலும் அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரிந்தது கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான். பக்கத்துக் கொல்லையில் ஓர் இரும்பு டிரம் மேலே எழும்பிய வருஷம் அது.

எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே இருக்கிறது. கோவில் மணி அடித்தால் எல்லா வீட்டுக்கும் கேட்கும், அவ்வளவு சின்ன ஊர். கோவில் என்றால் மாதா கோவில், எங்கள் தெரு முழுக்க வேதக்காரர்கள். என் வீட்டுக்காரர் டவுனில் மில் வேலை, அவர் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். பாகம் பிரிந்தபோது வீட்டின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. அடுப்படி இரண்டானது. நாலு மாட்டில் எங்களுக்கு இரண்டு, அவர்களுக்கு இரண்டு. செங்கல் போதாமல் சுவர் கூரைவரை போகாமல் இரண்டு முழம் குறைவாகவே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கத்து இருமலும் கேட்கும்.

இருமல் என் ஓரகத்தியுடையது. கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு பண்டசோழநல்லூரிலிருந்து வந்தவள், என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கு இளைப்பு இருந்தது. காலையில் அடுப்பை மூட்டி ஊதுகுழலை வாயில் வைத்தால் போதும், ஆரம்பித்துவிடும். முள்ளுக்கட்டை, கரும்புச் சோகை, வறட்டி என்று எது கிடைக்கிறதோ அதைத்தான் எரித்தோம். சீமெண்ணெய் ரேஷனில் வருகிற நாளுக்கு வந்தால் உண்டு. எனக்கும் கண் எரியும், ஆனால் நெஞ்சு கெட்டி. அவளுக்கு நெஞ்சு உலைத் துருத்தி மாதிரி ஏறி இறங்கும். நடுவில் அடுப்பை விட்டுவிட்டு வாசலில் வந்து உட்காருவாள். நானும் அப்போதெல்லாம், 'ஐயோ பாவம்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பாவம் என்று சொல்வதில் செலவு ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிராம சேவக் ஒருவர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்தார். கையில் வண்ணப்படம் போட்ட அட்டை. வெளிநாட்டில் எண்ணெய் விலை ஏறிவிட்டதாம், இங்கே மரமெல்லாம் விறகாகப் போகிறதாம், அதனால் மாட்டுச் சாணியில் கேஸ் எடுக்க டெல்லியில் திட்டம் போட்டிருக்கிறார்களாம். குழி வெட்டி, சுவர் எழுப்பி, மேலே டிரம் கவிழ்க்கிற செலவில் பெரிய பங்கை மானியமாகத் தருவார்களாம். ஒரே நிபந்தனை, வீட்டில் நாலு மாடாவது இருக்க வேண்டும். மூத்தவள் வீடு என்பதால் முதலில் என்னிடம்தான் வந்தார். இதை நான் நன்றாகச் சொல்லிவிட வேண்டும். முதலில் என்னிடம்தான் வந்தது.

நான்தான் மூக்கைச் சுளித்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஊர்த் திருவிழா அன்று பங்குச் சாமியாருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும், மாமியார் காலத்திலிருந்து அப்படி.

"சாணி கேஸ்ல வெந்த சோத்தையா நான் சாமியாருக்குப் போடுவேன்?" என்றேன்.

கிராம சேவக் என் அடுப்பை எட்டிப் பார்த்தார். அதில் வறட்டி கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. "இப்ப மட்டும் எதுலம்மா வேவுது?"

"இது காஞ்சது சார். அது ஈரம்" என்றேன். சொல்லும்போது அது பெரிய நியாயமாகத்தான் இருந்தது.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சைக்கிளை உருட்டி அடுத்த வாசலுக்குப் போனார். அங்கே என் ஓரகத்தி கேட்டது ஒரே கேள்வி. "புகை வருமா சார்?" வராது என்றார். அவள் அன்றைக்கே கொழுந்தனை ஃபாரத்தில் கையெழுத்துப் போட வைத்துவிட்டாள்.

நாலு மாடு? அதற்கு என் வீட்டுக்காரர் இருந்தார். தம்பி கேட்டதும், "ஓட்டிட்டுப் போடா, மாடு இன்னா தேஞ்சா பூடும்?" என்று சொல்லிவிட்டார். கணக்கெடுக்க ஆபீஸர் வந்த அன்று என் இரண்டு மாடும் அவர்கள் கொட்டகையில் கட்டுண்டு நின்றன. என் செவலை தன் தொட்டியைக் காணாமல் எங்கள் பக்கமே திரும்பிக் கத்தியது. "இன்னாத்துக்கு இப்பிடி கத்துது?" என்று ஆபீஸர் கேட்க, "பசி சார்" என்றார் கொழுந்தன். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திச் சிரித்தேன். அந்த வருஷம் நான் கடைசியாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும்.

ஏற்பாடு இதுதான். என் மாட்டுச் சாணி தினமும் காலையில் அவள் தொட்டிக்குப் போகும். கேஸ் போக வெளியே வழிகிற சக்கையில் பாதி எங்கள் நிலத்துக்கு எருவாக வரும். நியாயமான ஏற்பாடு, நானும் தலையாட்டினேன். அவள் சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குழியில் ஊற்ற ஊற்ற, சில வாரத்தில் அந்த டிரம் பூரி உப்புகிற மாதிரி மெல்ல மேலே வந்தது. அடுப்பை ஏற்றிக் காட்ட என்னைக் கூப்பிட்டாள். தீக்குச்சியைக் காட்டியதும் பொக்கென்று பிடித்தது. நீல நிறம். சத்தமில்லை, புகையில்லை, ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். பால் பாத்திரத்தை இறக்கி, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கடையில் வாங்கின மாதிரி வெள்ளையாக இருந்தது.

"அக்கா, நீங்களும் காலையில காபிய இங்கயே வெச்சிக்குங்க. தனியா எதுக்கு அடுப்பு மூட்டறீங்க?" என்றாள்.

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் முதலில் வந்ததை நான் தள்ள, அவள் எடுத்துக்கொண்டு, அதில் எனக்கு ஒரு டம்ளர் காபி வைத்துக்கொள்ள இடம் தருகிறாள். என் மாட்டுச் சாணி அது. என் செவலையின் சாணி.

அதற்கப்புறம் எனக்கு எதைப் பார்த்தாலும் எரிந்தது. கோவிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற அவள் புடவையில் புகைநாற்றம் இல்லாதது தெரிந்தது. என் பாத்திரங்களின் கரியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாடிக்கொண்டே கழுவுவது கேட்டது. பூசை முடிந்ததும் பெண்கள் நேராக அவள் கொல்லைக்குப் போய் டிரம்மைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பண்டசோழநல்லூரிலிருந்து அவள் அம்மா வீட்டார் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரரும் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு, "அவ வூட்டு டீயில புகை வாசனையே இல்லடி" என்றார். அன்று நான் அவருக்கு டீ போடவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவள் இருமல் நின்றுவிட்டது. காலையில் நான் என் அடுப்பை ஊதிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன். ஒன்றும் கேட்காது. கேட்காததில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருமல் வந்திருந்தால், பாவம் என்று சொல்லி அவளைவிட ஒரு படி மேலே நின்றிருக்கலாம்.

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு கொம்யூன் ஆபீஸுக்கே போனேன். எனக்கும் ஒரு டிரம் வேண்டும். கிராம சேவக் நோட்டைப் புரட்டினார். "இந்த வருஷத்து டார்கெட் முடிஞ்சிடுச்சிம்மா. அடுத்த வருஷம் டெல்லியில இருந்து இன்னா வருதோ பாக்கணும். சரி, எழுதி வெக்கிறேன். உங்களுக்கு எத்தினி மாடு?"

வாயைத் திறந்தேன். இரண்டு என்றால் கிடைக்காது. நாலு என்று எழுதிக் கொடுத்தால் எண்ண வருவார்கள். எண்ண வந்தால் என் செவலையை அவள் கொட்டகையில் பார்த்த ஆபீஸரே வந்தாலும் வருவார். அந்த மாடுகள் அரசாங்கத்துக் கணக்கில் ஏற்கெனவே என் ஓரகத்தியின் மாடுகள். என் மாட்டை என் மாடு என்று சொல்ல முடியாமல் வெயிலில் நடந்து திரும்பினேன்.

அடுத்த நாள் காலை அவள் கூடையோடு வந்தபோது, "சாணி இல்லடி" என்றேன். "மழைக்காலம் வருது. நான் வறட்டி சேக்கணும். உனக்கு கேஸ் கீது, எனக்கு இன்னா கீது?"

அவள் ஒரு நிமிஷம் நின்று என் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கொழுந்தன் என் வீட்டுக்காரரிடம் பேசிப் பார்த்தார். அவர் என்னிடம் பேசிப் பார்த்தார். "மாட்டைக் குடுத்தது நீங்க. சாணி அள்ளறது நானு" என்றேன்.

வறட்டியைக் கொல்லையில் தட்டக் கூடாதா? தட்டலாம். நான் பொதுச்சுவரில் தட்டினேன். கொல்லைப் பக்கம் நீளுகிற சுவரில், அவர்கள் பக்கமாகவே, அவள் டிரம்முக்கு நேர் எதிரே, அவள் சாணி கரைக்கும்போது தலை நிமிர்ந்தால் தெரிகிற மாதிரி வரிசை வரிசையாகத் தட்டினேன். ஈரச் சாணியில் என் ஐந்து விரலும் பதிந்து காய்ந்தது. டிரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காலையில் பல் விளக்கும் சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இரண்டு மாட்டுச் சாணிக்கு ஒரு வேளை டீதான் கொதிக்கும். ஒரு மாதத்தில் அவள் பழைய மண்ணடுப்பைச் சுத்தம் செய்து மூட்டினாள். அன்று காலை சுவருக்கு மேலாகப் புகை வந்தது, பின்னாலேயே இருமலும் வந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மற்றதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "காய்மகாரம் கொண்டேன் சாமி" என்றேன். சாமியார் புதிதாக வந்தவர், சின்ன வயது. யார்மேல், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாணி என்று சொல்லியிருப்பேன். பரிகாரமாகப் பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். பத்துக்கு இருபதாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வறட்டி தட்டினேன். செபம் சொல்வது எனக்கு எப்போதுமே சுலபம்.

அதற்கு அடுத்த வருஷம் டெல்லியில் காற்று வேறு பக்கம் திரும்பியது. டவுனில் மட்டும் இருந்த சிலிண்டர் கேஸ் கிராமத்துக்கும் வரும் என்றார்கள். அதன் விலையிலும் ஒரு பங்கை அரசாங்கமே தாங்குகிறதாம். ஒரு கையால் குழி வெட்டச் சொன்ன அரசாங்கம் இன்னொரு கையால் சிலிண்டரை நீட்டியது ஏனென்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மில் சிநேகிதர்களோடு சேர்ந்து பல வருஷத்துக்கு முன்னாலேயே பெயர் பதிந்து வைத்திருந்தார். எங்கள் தெருவில் முதல் சிலிண்டர் எங்கள் வீட்டில்தான் இறங்கியது. சிவப்பு நிறம், மாட்டுவண்டியில் வந்தது. இரட்டை அடுப்பு. அவளுடையது ஒற்றை.

மேடை கட்டி அடுப்பை வைத்ததும் ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டேன். எதற்கு என்று ஒளிக்கப்போவதில்லை. அவள் முகம் கறுப்பதைப் பார்க்க வேண்டும். இத்தனை மாதம் நான் தின்றதை அவள் ஒரு வாய் தின்ன வேண்டும்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே வந்து கதவைப் பிடித்து நின்றாள். நான் இரண்டு அடுப்பையும் ஒன்றாக ஏற்றினேன். பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடி! அப்ப இனிமே நீங்க வறட்டி தட்ட மாட்டீங்க இல்ல? சாணி எனக்குத்தானே அக்கா?"

நான் இரண்டு அடுப்பையும் அணைத்தேன். "எடுத்துக்கோடி" என்றேன்.

மறுநாளே நாலு மாட்டுச் சாணியும் அவள் குழிக்குப் போனது. மனசு கேட்காமல் நானும் ஒரு கை கரைத்து ஊற்றினேன். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. டிரம் எழும்பவே இல்லை. பக்கத்தில் குனிந்து கேட்டால் உஸ்ஸென்று சத்தம் வந்தது. கொழுந்தன் வில்லியனூரிலிருந்து வெல்டிங் ஆளைக் கூட்டி வந்தார். அவன் டிரம்மைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான். வருஷா வருஷம் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை, துரு தின்று பல இடத்தில் ஓட்டை என்றான்.

"எழும்பாத டிரம்முக்கு எதுக்கு பெயிண்ட்டுனு வுட்டுட்டேன்" என்றார் கொழுந்தன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

கொம்யூன் ஆபீஸுக்கு ஆளாளுக்கு நடந்தோம். நானும் போனேன். அங்கே வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். புதிதாகக் கட்டுவதற்குத்தான் மானியம், ரிப்பேருக்கு ஒன்றும் கிடையாது என்றார். புதிதாகக் கட்டிக்கொள்கிறோம் என்றதற்கு, ஒரு தடவை வாங்கியவர்களுக்கு மறுபடி கிடையாது என்றார். "இப்பல்லாம் யாருமா சாணி கேஸ் கேக்கறாங்க? சிலிண்டருக்குப் பேர் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி வேறு ஃபாரத்தை நீட்டினார். ஓரகத்தி வீட்டுக்கு அந்தச் சிலிண்டர் வந்து சேர இன்னும் நாலு வருஷம் ஆனது.

இப்போது டிவியில் நாட்டுக்கு நாடு கரியமில வாயுக் கணக்குப் போடுகிறார்கள். எந்தச் சர்க்கார் எதற்கு மானியம் கொடுத்தது, எதை நடுவில் கைவிட்டது, அதனால் எவ்வளவு புகை என்று கோட்டு சூட்டுப் போட்டவர்கள் பேசுகிறார்கள். கொம்யூன் ஆபீஸ்காரர்கள் சாணி கேஸுக்கு ஒன்று, சிலிண்டருக்கு ஒன்று என்று நீட்டின இரண்டு ஃபாரமும் எனக்கு ஞாபகம் வரும். டெல்லிக்காரர்களைத் திட்டலாம், திட்டவும் செய்வேன். ஆனால் அந்த டிரம்மை முதலில் இறக்கியது டெல்லி இல்லை.

வெல்டிங் ஆள் போன மறுநாள் காலை ஓரகத்தி வெறுங்கூடையோடு என் வாசலில் நின்றாள். சாணி கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"சாணி வேணாங்கா. அதான் ஓட்டையாப் பூடுச்சே" என்றாள். பேச்சுக்கு நடுவே மூச்சு இழுத்தது. "செவுத்துல அவ்ளோ வறட்டி காஞ்சி கெடக்குது. உங்களுக்குத்தான் கேஸ் வந்துடுச்சே, அத இன்னா பண்ணப் போறீங்க? எனக்குக் குடுங்க. எரிக்க ஒண்ணுமில்ல."

அதில் குத்தல் இருந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அடுப்பு மூட்ட நேரமாகிவிட்ட ஒருத்தியின் முகம் அது.

சுவரிலிருந்து நானே பெயர்த்துக் கொடுத்தேன். கரைத்து ஊற்றியிருந்தால் புகையில்லாமல் எரிந்திருக்க வேண்டிய சாணி. ஒவ்வொரு வறட்டியிலும் என் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. கூடை நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போதுங்கா, நாலு நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் உள்ளே வந்து பாலை வைத்து அடுப்பை ஏற்றினேன். நீலமாகப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே புகை வந்தது. பிறகு அவள் இரும ஆரம்பித்தாள்.